மாப்பிள்ளைக்கு நாளுக்கு ஒரு புழு

இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது இனித் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று, ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். வாயில் நுரை இருந்ததால் முடிவை அப்போதே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தால் கேட்க ஆளில்லை. மனைவி முன்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடும்போது இடி விழுந்தால்கூட, அரை மணி கழித்து வந்து விழச் சொல்வாள்.

ஆகவே அவர் மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னார்.

மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவர் அல்ல. மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் விட்டுப்போன ஆக்சலாட்டில் அது. தண்ணீரிலேயே வாழ்கிற பிராணி. பல்லிக்கும் மீனுக்கும் நடுவே எங்கேயோ நின்றுவிட்ட உடம்பு. வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி மும்மூன்று செவுள்கள். முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. ஒரு வேலையும் செய்வதில்லை, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், எதைக் கேட்டாலும் சிரிப்புதான் பதில் என்று முதல் வாரமே கவனித்துவிட்டு மனைவி அந்தப் பெயரை வைத்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். வீட்டிலிருந்த நல்ல மின்விசிறி தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாமனாரும் மாமியாரும் செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டரின் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரு மஞ்சள் சீட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார். சீட்டில் மூன்று வரி. பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது. அடுத்த பரிசோதனை: இன்ன தேதி. கீழே கையெழுத்து. முப்பது வருஷப் பழக்கம், வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்குமா? ஏணியில் ஒரு சீட்டு ஆடியது. இஸ்திரிப் பெட்டியில் ஒன்று. கேஸ் குழாயில் ஒன்று. அந்த வீட்டில் சீட்டில்லாமல் நடமாடியது மனைவி மட்டும்தான். அவளைப் பரிசோதிக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக அவரே நம்பவில்லை.

பிரச்சினை இதுதான். மூன்று வாரமாக மாப்பிள்ளை, மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன உருண்டைத் தீனியைத் தொடவில்லை. தொண்ணூறு கிராம் இருந்த உடம்பு எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்த மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"உயிரோட இருக்கற புழு போடுங்கப்பா. மண்புழுதான் நல்லது. ஆனா எந்த மண்ணுன்னு பாத்துப் போடுங்க. ரெண்டு மாசத்துல பழைய எடைக்கு வரலைன்னா என் ஃப்ரெண்டு வந்து எடுத்துட்டுப் போயிடுவா. அவளுக்கு இதெல்லாம் பழக்கம்."

எடுத்துட்டுப் போயிடுவா என்ற சொல் இன்ஸ்பெக்டருக்கு எங்கேயோ தைத்தது. தினமும் வேலை விட்டு வந்ததும், தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைக்குப் பார்த்த லிஃப்டுகளைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்வது வழக்கமாகிவிட்டிருந்தது. அது சிரித்துக்கொண்டே கேட்கும். தனக்கு அந்தப் பிராணியின் மேல் பாசமா, அல்லது குறுக்கே பேசாத ஒருவர் கிடைத்த நிம்மதியா என்று அவர் தன்னையே கேட்டுப் பார்த்தார்.  ஆனால் தொட்டி இருந்த இடம் வெறுமையாக இருப்பதை நினைத்துப் பார்த்தபோது, அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

முதலில், கூட வேலை செய்பவர் வீட்டு மக்கும் குப்பைத் தொட்டியிலிருந்து சிவப்புப் புழுக்களைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஒன்றை வாயில் வாங்கியது. ஒரு கணம் யோசித்தது. துப்பியது. அந்த வகைப் புழு பயந்தால் கசப்பாக ஏதோ ஒரு நீரைக் கக்கும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டார். அந்த முகத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் தான் காபி போட்ட நாலு தடவையும் மனைவி முகம் அப்படித்தான் இருந்தது.

பறவைக் கடையில் மாவுப்புழு கொடுத்தார்கள். மேல்தோல் கெட்டி, செரிக்காது. மீன் கடையில் நூல் மாதிரி சிவப்புப் புழு இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் கடைக்காரர் சாக்கடைப் பக்கமாகக் கையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் குறுக்கே கோடு போட்டார். கடைசியில் தூண்டில் கடையில் நல்ல மண்புழு ஒரு டப்பா கிடைத்தது. அதைக் கொண்டுவந்து, சீட்டு கட்டி, ஃப்ரிட்ஜில் காய்கறி டிராயரில் வைத்தார்.

மனைவி கேரட் எடுக்கப் போனாள்.

அவள் பேசும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை நேரத்தில் உதட்டோரம் மூன்று குண்டூசி இருக்கும். ஊசியோடு சொல்வதெல்லாம் பேச்சு. ஊசியை எடுத்துவிட்டுச் சொல்வது தீர்ப்பு.

ஊசியை எடுத்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல என்னங்க அது?"

"மாப்பிள்ளையோட சாப்பாடு."

"நகருது."

"உயிரோட இருந்தாத்தான் அது சாப்பிடும்."

"நானும் உயிரோட இருந்தாத்தான் நீங்க சாப்பிடுவீங்க. இனிமே இந்த வீட்டுக்குள்ள புழு வரக் கூடாது. ஃப்ரிட்ஜ், பால்கனி, செருப்பு ஸ்டாண்டு, உங்க ஹெல்மெட்டு, எங்கேயும் இருக்கக் கூடாது."

ஹெல்மெட்டைப் பற்றி அவர் அந்த நிமிஷம்தான் நினைத்திருந்தார்.

ஊசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, துணியைப் பார்த்தபடியே கேட்டாள். "அது கெடக்கட்டும். இந்தப் புழுவை எங்கேயிருந்து எடுத்தாங்களாம்?"

"தெரியாது."

"கயிறு எங்கே வாங்கினதுன்னு தெரியாம லிஃப்டுக்குச் சீட்டு கட்டுவீங்களா?"

சுருக்கென்றது. தூண்டில் கடைக்குத் திரும்பப் போய் விசாரித்தார். மீன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று சாயத் தண்ணீரில் முக்கி எடுப்பதாகக் கடைக்காரர் பெருமையோடு சொன்னார். இதுவரை ஒரு மீனும் குறை சொன்னதில்லை என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று சீட்டை அவிழ்த்துக் கிழித்துப் போட்டார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது உத்தியோகத்திலேயே அதுதான் முதல் தடவை.

பார்க்கில் தோண்டலாமா என்று மனைவியின் காதில் விழும்படி யோசித்தார். மாதம் இரண்டு தடவை அங்கே பூச்சிமருந்து அடிக்கிறார்களே என்றாள். சொந்தப் பால்கனித் தொட்டி? போன வாரம்தான் உரம் போட்டாளாம். அப்படியே, ஒரு சட்டையின் கையை மடித்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு செடிப் பண்ணை இருக்கிறதாம். அந்த அம்மா மருந்து, உரம் எதையும் கிட்டவே சேர்க்க மாட்டார்களாம். துணி தைக்க வந்தவர்கள் யாரோ சொன்னார்களாம். நமக்கெதுக்கு அதெல்லாம்.

பேச்சுவாக்கில் வாயை விட்டுவிட்டாள் என்று இன்ஸ்பெக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

இடம் கிடைத்துவிட்டது. தினம் போய்வர ஒரு காரணம் வேண்டும். யோசிக்க யோசிக்க, காரணம் இரண்டு வருஷமாக வீட்டிலேயே கிடப்பது தெரிந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், இல்லாவிட்டால் இதயம் ஒருநாள் பாதி மாடியில் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்டைப் பரிசோதிக்கிறவனே படியேறிப் போனால் ஜனங்களுக்கு லிஃப்ட் மேல் என்ன நம்பிக்கை இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் திருப்பிக் கேட்டார். டாக்டர் எதையோ எழுதி ஃபைலை மூடிவிட்டார். மனைவி ஆறு மாதம் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள். ஒருநாள் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததைக்கூட அவர் பார்த்தார், வெங்காயம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு திடீரென்று அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"நாளையிலேர்ந்து வாக்கிங் போலாம்னு இருக்கேன்" என்றார்.

மெஷின் நின்றது. "எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரே."

"அது ரெண்டு வருஷம் முன்னாடி."

"யோசிச்சுப் பாத்தேன். சரின்னு பட்டுது."

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "உங்க இஷ்டம்" என்று போய் உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று, நீ லேசுப்பட்ட ஆளில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பும்போதுதான் ஒரு சங்கடம் புரிந்தது. வாக்கிங் போகிறவன் ஸ்கூட்டர் சாவியை எடுக்க முடியாது. முழுத் தூரத்தையும் நடந்தார். வாய்க்காலின் மேல் ஒரு நடைபாலம். ஏற நாற்பத்தெட்டுப் படி, இறங்க நாற்பத்தெட்டு. லிஃப்ட் கிடையாது. முதல் வாரம் அதைக் கண்டித்து அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினார். ஐந்தாவது வாரம் மனு எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோயிற்று.

பண்ணைக்காரம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஆஜானுபாகுவான பெண்மணி. இன்ஸ்பெக்டர் அவரைப் பதினொரு கேள்வி கேட்டார். மருந்து அடித்ததுண்டா, மண் எங்கிருந்து வந்தது, பக்கத்து நிலத்துத் தண்ணீர் இங்கே இறங்குமா. மண்வெட்டியை நிறுத்தாமலே எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அந்த அம்மா, பன்னிரண்டாவது கேள்வி வந்தபோது நிமிர்ந்தார்.

"சார், புழு வாங்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?"

"மாப்பிள்ளைக்குத்தான்" என்று இன்ஸ்பெக்டர் உள்ளதைச் சொன்னார்.

ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கேட்டார். கிடைக்கவில்லை. வீட்டு வெக்கையில் செத்துப்போகும், செத்த புழு விஷம், ஒரு நாளைக்கு ஒன்றுதான் தருவேன் என்று அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இல்ல, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்க விடுவாங்களா?"

இன்ஸ்பெக்டர் பூட்ஸைப் பார்த்தார்.

"விட மாட்டாங்கல்ல" என்றார் அந்த அம்மா, ஃப்ரிட்ஜை நேரில் பார்த்தவர் போல.

இப்படியாகத் தினம் ஒரு புழு. மாப்பிள்ளையின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடத் தடித்திருக்கக் கூடாது. காயம் இருக்கக் கூடாது. தொட்டால் சுருள வேண்டும். தேர்ந்தெடுத்ததை மனைவியின் பட்டன் டப்பாவில் ஈர மண்ணோடு வைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். டப்பாவில் மஞ்சள் சீட்டு. ஒளித்துக் கொண்டுவரும் சரக்குக்குச் சீட்டு எதற்கு என்று அவருக்கே தோன்றியதுண்டு. ஆனால் பரிசோதித்த ஒன்றைச் சீட்டில்லாமல் விட அவர் கை ஒப்பவில்லை. முன்னறையைக் கடக்கும்போது லேசாகச் சீட்டியடிப்பார். பிறகு, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரில் புழுவை அலசித் தொட்டிக்குள் விடுவார். லபக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்டபின்தான் அவருக்குக் காபி இறங்கும்.

"பட்டன் டப்பாவைப் பாத்தீங்களா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"இல்லையே."

"பட்டனெல்லாம் தட்டுல கெடக்கு. டப்பா மட்டும் எங்கேயோ நடந்து போயிருக்கு."

ஊசி வாயில்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் தப்பித்தார்.

எழுபத்தொன்று எழுபத்தைந்தானது. எண்பதானது. அவருக்கு நடையில் ஒரு மிதப்பு வந்தது. நாற்பது நாள் ஆனதும், மனைவியை வாதத்திலும் ஜெயித்துவிடலாம் என்று பட்டது. தினம் இவ்வளவு நடந்தும் பேண்ட் இடுப்பில் முன்பு போலவே கச்சிதமாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். பெல்ட் கட்டும் பழக்கம் அவருக்கு இல்லை.

"நடந்தா இளைக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா. பாரு, பேண்ட் அப்படியேதான் இருக்கு. டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை."

"ம்" என்றாள் மனைவி. "கழட்டி வைங்க. அந்த ஜிப்பைச் சரி பண்ணணும்." ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் பேண்டுகளில் ஏதாவது ஒரு ஜிப்பு அவளுக்குத் திருப்தியாக இல்லை.

ஏழாவது வாரம் ஒரு காலை, மழை கொட்டியது. பாதி வழியிலேயே முழுக்க நனைந்துவிட்டார். பார்க் வாசலில் நடைபாதையில், மழைக்கு வெளியே வந்த ஒரு மண்புழு, அளவெடுத்துச் செய்தது போல, நெளிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு நாள்தானே. எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். அலசினார். தொட்டிக்கு மேலே பிடித்தார். மாப்பிள்ளை மேலே வந்து, சிரித்துக்கொண்டே, நம்பிக்கையோடு வாயைத் திறந்தது.

கை இறங்கவில்லை.

இது மருந்தடிக்கிற பார்க் மண்ணிலிருந்து வந்ததோ இல்லையோ அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் அதற்கு அது கவலை இல்லை, ஏனென்றால் பார்த்துப் போட அவர் இருக்கிறார். லிஃப்டில் ஏறுகிற யாரும் கயிற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பார்கள். முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. புழுவைத் திரும்ப டப்பாவில் போட்டார். துண்டை எடுத்தார்.

"ரெண்டாவது வாக்கிங்கா?" என்றாள் மனைவி.

"மொத தடவை சரியா நடக்கலைன்னு தோணிச்சு."

அவள் மெஷினை நிறுத்தினாள். ஏதோ சொல்ல வந்தவள் போல ஊசியை எடுத்தாள். ஆனால் எழுந்து போய்க் குடையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் எடை எண்பத்தொன்பது. மாலை மகள் பார்க்கும்போது தொண்ணூறு இருக்க வேண்டும். ஒரு நல்ல புழு இரண்டு கிராம். கவலையே இல்லை. இன்ஸ்பெக்டர் நாற்பத்தெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினார், மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனிக்காமல். பண்ணைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. இன்று விடுமுறை.

வேலியைச் சுற்றி இரண்டு தடவை வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். பூட்ஸ் மட்டும் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. காலி டப்பாவோடு திரும்பி நடந்தார். வழியெல்லாம் வீட்டில் சொல்ல ஒரு பொய்யைத் தேடினார். இரண்டு மாதத்தில் கையிருப்பு தீர்ந்துவிட்டிருந்தது.

முன்னறையில் வந்து நின்றார். இந்த முறை சீட்டி அடிக்கவில்லை.

"நான் வாக்கிங் போகலை" என்றார்.

"ம்."

"ரெண்டு மாசமா புழு வாங்கத்தான் போயிட்டிருந்தேன். வீட்டுக்குள்ளதான் கொண்டு வந்தேன். உன் பட்டன் டப்பாவுல."

"ம்."

"இன்னிக்குப் பண்ணை மூடிக் கெடக்கு. ஒரு கிராம் குறையுது. அது போயிடும்."

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. மெஷின் நின்றது. மனைவி ஊசியை எடுக்காமலே சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினாள்.

"ஃப்ரிட்ஜ்ல கீழ் டிராயர். கீரைக்குப் பின்னாடி, நீலப் பெட்டி."

திறந்தார். ஈர மண்ணில், முப்பதுக்குக் குறையாமல், கொழுகொழுவென்று புழுக்கள். பெட்டியின் காதில் கம்பி கட்டி ஒரு மஞ்சள் சீட்டு. எழுத்து மனைவியுடையது. பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது. அடுத்த பரிசோதனை: இவர் போய் வெறுங்கையோடு வரும் அன்றைக்கு. தேதி, அவர் வாக்கிங் போகிறேன் என்று சொன்னதற்கு மூன்று நாள் முந்தியது.

பண்ணைக்காரம்மா பத்து வருஷமாக அவளிடம் துணி தைக்கக் கொடுப்பவராம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும்போது பழைய புழுக்களை எடுத்துக்கொண்டு புதிது வைத்துவிட்டுப் போவாராம். எல்லாவற்றையும் ஊசி வாயோடு, ஒரு காலரைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். இன்ஸ்பெக்டருக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் மாப்பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. லபக்.

மாலையில் தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. மகள் கைதட்டினாள். ஃப்ரெண்டு வர வேண்டாம், வருஷம் முடிந்தாலும் அது உங்களோடேயே இருக்கட்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அழுக்கில்லாத கண்ணாடி. அப்போது மகள் திரையை நெருங்கிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இளைச்சிட்டீங்களா?"

"இல்லையே. பேண்ட் அப்படியேதான் இருக்கு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தொட்டியைப் பார்த்தாள். மாப்பிள்ளை சிரித்தது.

பேசி முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் மிடுக்காகவே, இனிப் பெட்டியே வீட்டில் இருக்கும்போது நாளை முதல் நடக்க வேண்டிய அவசியமில்லை என்று அறிவித்தார். மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பேண்டைக் கழற்றி, இடுப்புப் பட்டியை உட்புறமாகத் திருப்பினார்.

பிரித்துத் தைத்த தையல் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வரிசை. மடித்து உள்ளே தள்ளிய துணி ஒரு புத்தகம் கனம் இருந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் சீட்டு, கம்பியால் கட்டாமல் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

பரிசோதிக்கப்பட்டது: 41, 40, 39, 38½.

பாதுகாப்பானது என்ற வரி குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

அடுத்த பரிசோதனை: 36 ஆனதும்.